செண்டுப்பூ கொட்டிய குளம்

வினோலியாவின் அம்மா சின்னாளப்பட்டியில் பேருந்து ஏறி நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, பின் இருக்கையில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்களாம். அதை அவர் மகளுக்குப் போனில் சொல்லியிருக்கிறார். மஸ்கட் மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்து உடை மாற்றிக்கொண்டிருந்த என்னிடம், கூட வேலை பார்க்கும் வினோலியா சொன்னாள்.

“ஏன்க்கா, உங்க ஊருக் குளத்துல எவனோ பூச்சி மருந்தக் கலந்துட்டானாமே? மீனெல்லாம் செத்து மெதக்குதாம். தண்ணி குடிச்ச மாடுகூடச் செத்துப்போச்சாம். மலைச்சாமின்னு ஒரு ஆளாம். கையில கெடச்சா உசுரோட விட மாட்டோம்னு பேசிக்கிட்டாகளாம்.”

அந்தக் குளத்தை மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் என் மதினி அமலராணி. அண்ணன் பிரான்சிஸின் மனைவி. மலைச்சாமி குளத்துக் கரையை ஒட்டி மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர். நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் சைக்கிள் பஞ்சரானால் அவர் தோட்டத்தில்தான் நிறுத்திவிட்டு நடப்போம். அந்த மனிதரை அடிக்கத் தேடுகிறார்கள் என்பதை மருத்துவமனை உடையோடு நின்றுகொண்டு கேட்க வேண்டியிருந்தது.

அண்ணனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மதினி இரண்டாவது தடவை எடுத்தார்.

“மாடு ஒன்னும் சாகல ஜெசிந்தா. அதுக்குள்ள மஸ்கட்டு வரைக்கும் வந்துருச்சா? மீனுதான். கட்லா பூராம் போச்சு. ஒங்க அண்ணன் வேன் ஸ்டாண்டு ஆளுகளக் கூட்டிக்கிட்டு மலைச்சாமி அண்ணன் வீட்டுக்குப் போனாக. அவரு தோட்டத்து வழியா வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாராம். ஓடுனான்ல, அவன்தான் செஞ்சிருக்கான்னு இப்பப் போலீசுக்குப் போயிருக்காக. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

அப்படிச் சொல்கிற ஆள் இல்லை மதினி. அதனால்தான் எனக்குப் பயம் கூடியது.

மதினி திண்டுக்கல் டவுனில் பிறந்து வளர்ந்தவர். விலங்கியல் படித்தவர். பூ ஏற்றும் குட்டியானை வேன் ஓட்டுகிற எங்கள் அண்ணனுக்கு அவர் எப்படிச் சம்மதித்தார் என்று ஊரில் பல நாள் பேசினார்கள். கல்யாணமான அடுத்த வருடமே நிலக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் நடத்துகிற உணவுச் சங்கிலிப் பாடம் எனக்கு அந்த வகுப்பில் படித்த பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். எல்லாரையும் மைதானத்து வெயிலில் வரிசையாக நிறுத்துவாராம். முதல் பிள்ளையின் இரண்டு கையிலும் சொம்புத் தண்ணீரை ஊற்றுவார். அந்தப் பிள்ளை புல். புல் தன் கையிலிருப்பதை வெட்டுக்கிளியின் கையில் ஊற்ற வேண்டும். வெட்டுக்கிளி தவளைக்கு, தவளை பாம்புக்கு, பாம்பு பருந்துக்கு. பருந்தாக நிற்கிற பிள்ளைக்கு விரல் நனைந்தால் அதிகம்.

“சூரியன் குடுத்ததுல ஒனக்கு வந்தது இம்புட்டுத்தான். மிச்சம் எங்கடா போச்சு?”

“கீழ சிந்திருச்சு டீச்சர்.”

“சிந்தல. ஒவ்வொன்னும் ஓடுச்சு, மேஞ்சுச்சு, மூச்சு விட்டுச்சு. அதுக்குச் செலவாயிருச்சு. அதான் ஊருல புல்லு நெறைய இருக்கு, பருந்து ஒன்னு ரெண்டு இருக்கு.”

கொரோனா வந்து பள்ளியை மூடினார்கள். சம்பளம் நின்றது. மதினி முன்பு குத்தகை எடுத்திருந்தவரிடம் குளத்து மீனை வாங்கி வாசலில் வைத்து அரிந்து கொடுத்து விற்றார். டீச்சர் செதில் சீவுகிறார் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களும் மீன் வாங்கிப் போனார்கள். பள்ளி மறுபடி திறந்தபோது கூப்பிட்டார்கள். போகவில்லை. குளத்து ஏலத்துக்குப் போனார். ஏலத்தில் கடைசி வரை எதிர்த்து நின்றவர் மலைச்சாமிதான். தோற்றதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “டீச்சர், மீனு அட்டெண்டன்ஸ் சொல்லாது, பாத்துக்கங்க” என்றாராம். மதினி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மதினியின் மீன் நன்றாகத்தான் வளர்ந்தது. அவர் கடைத் தீவனம் அதிகம் போடவில்லை. மாட்டுச் சாணத்தைக் கூடை கூடையாகக் கரையோரம் கரைத்துவிடுவார். தண்ணீர் பச்சை கட்டும். பச்சையைக் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் தின்னும், பூச்சியை மீன் தின்னும். “மீனுக்குச் சோறு போடக் கூடாது ஜெசிந்தா. தண்ணிக்குப் போடணும். அடியில நெறைஞ்சா மேல தானா வரும்” என்று போனில் எனக்கும் பாடம் நடத்துவார்.

பூ யோசனை அங்கிருந்து வந்ததுதான். சந்தையில் விலை போகாத பூவை எங்கள் பக்கம் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். அண்ணன் வண்டியிலும் சில நாள் அப்படித் திரும்பி வரும். “ரோட்டுல எதுக்குக் கொட்டுறீங்க, என் குளத்துல கொட்டுங்க” என்றார் மதினி. முதலில் ஒரு மூட்டை, இரண்டு மூட்டை. தண்ணீர் இன்னும் பச்சையானது. மீன் கொழுத்தது. மற்ற வேன்காரர்களுக்கும் குப்பை போட ஓர் இடம் கிடைத்த மாதிரி ஆயிற்று. இந்த வருடம் ஆயுத பூசை முடிந்ததும் செண்டுப்பூவைச் சீந்த ஆளில்லை. பறித்த கூலிக்குக்கூட விற்கவில்லை. சந்தை கலைந்ததும் வண்டிகள் நேராகக் குளத்து மடைக்கு வந்தன. மதினி எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். குளத்தின் மடைப் பக்கம் முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமாக ஜமுக்காளம் விரித்த மாதிரி இருந்தது. அழகாயிருக்கு மதினி என்று பதில் போட்டேன்.

மலைச்சாமிக்கு அது அழகாகப் படவில்லை. கரையில் வந்து நின்று சத்தம் போட்டிருக்கிறார்.

“டீச்சர், நாத்தம் கொடலப் புடுங்குது. பூப்பறிக்க வர்ற பொம்பளையாளுக மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கிறாக.”

“ஒங்களுக்கு நாத்தம். மீனுக்குச் சோறுண்ணே.”

“அப்ப ஒங்க மீன வந்து என் பூவப் பறிக்கச் சொல்லுங்க.”

கரையோரத்து டீக்கடையில் இருந்தவர்கள் அவர் முறையீட்டை வேடிக்கையாக எடுத்துச் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் மலைச்சாமிக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். “இதுக்கு ஒரு வழி பண்ணாம விட மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். மீன் செத்த காலையில் ஊருக்கு ஞாபகம் வந்தது இந்த ஒரு வாக்கியம்தான்.

அதற்குமேல் சிவபிரகாஷ் என்ற வேன்காரர் ஒன்று சொன்னார். விடியுமுன் பூ ஏற்றப் போகும்போது, மலைச்சாமி தன் தோட்டத்திலிருந்து குளத்துக்கு ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன் என்றார். அவ்வளவுதான். குழாயைப் போட்டு மருந்தை விட்டுவிட்டான் என்று ஆகிவிட்டது.

“நீங்க என்ன நெனைக்கிறீங்க மதினி?” என்று கேட்டேன்.

“எனக்கு நெனைக்கவே ஓடல. ஆனா ஒன்னு சரியில்ல. இரு, வீடியோல வா.”

திரையில் முதலில் அவர் காலும் சேறும் தெரிந்தன. பிறகு குளம். வானம் ஈயம் பூசிய மாதிரி இருந்தது. அங்கே சில நாளாக வெயிலே இல்லை, மூட்டமாகவே இருக்கிறது என்று முந்தின வாரமே சொல்லியிருந்தார். கரையோரம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மீன்கள் ஒதுங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றும் கையளவுக்கு மேல். என்னால் பார்க்க முடியவில்லை. மதினி பார்த்துக்கொண்டே நடந்தார்.

“அந்தா பாரு. கொக்கு.”

ஏழெட்டுக் கொக்குகள் செத்த மீனைக் குத்திக்கொண்டிருந்தன. ஒரு நாய், தலையில்லாத கட்லா ஒன்றை முன்னங்காலில் அமுக்கிக்கொண்டு தின்றது.

“இது விடிஞ்சதுலேருந்து தின்னுக்கிட்டு இருக்கு. மருந்துன்னா மீனோட நிக்காதே. மீனத் தின்ன நாயிக்குப் போகும், கொக்குக்குப் போகும். சங்கிலியில ஏறிக்கிட்டே போகும். இதுக்கு ஒன்னுமே ஆகல.”

“மெதுவாக்கூட ஆகலாம்ல மதினி?”

“ஆகலாம். அதான் இன்னும் வாயத் தொறக்காம இருக்கேன்.”

அப்போது தண்ணீரில் ஏதோ புரண்டு உள்ளே போனது. மதினி நின்றுவிட்டார். மறுபடி ஒன்று மேலே வந்து ஒரு மடக்கு காற்றை விழுங்கிவிட்டு அடிக்குப் போயிற்று.

“விரால்” என்றார். குரல் மாறியிருந்தது. “விரால் ஒன்னுகூடச் சாகல, ஜெசிந்தா. கெளுத்தியும் சாகல. காலையிலேருந்து நான் பொறுக்குனதுல ஒரு விரால் இல்ல. அதுக ரெண்டும் மேல வந்து காத்தக் குடிக்கிற சாதி. செத்ததெல்லாம் தண்ணிக்குள்ளயே மூச்சு விடுறது.”

 நெஞ்சு இறுகிய நோயாளியின் விரலில் கருவியை மாட்டி ஆக்சிஜன் எண்ணைப் பார்த்துக்கொண்டே ராத்திரியைக் கழிப்பது என் வேலை. அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அவரே சொல்லட்டும் என்று இருந்தேன்.

மதினி மடைப் பக்கம் போனார். ஒரு கம்பால் பூப் படலத்தை விலக்கிக் குத்தினார். அடியிலிருந்து கறுப்பாகக் குமிழி வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அழுகின முட்ட நாத்தம். மலைச்சாமி அண்ணன் சொன்ன அதே நாத்தம்.”

கம்பை இன்னொரு தடவை உள்ளே விட்டுக் கிளறினார். 

“பூவ மீனு திங்கல ஜெசிந்தா. பூவத் திங்கிறது அழுக வைக்கிற கிருமி. அம்புட்டுப் பூவும் அதுகளுக்கு விருந்து. அதுகளும் மூச்சு விடணும்ல? தண்ணியில இருந்த காத்த அதுக குடிச்சிருச்சு. வெயில் அடிச்சாப் பச்ச கொஞ்சம் காத்தக் குடுத்திருக்கும். வெயிலும் இல்ல. ராத்திரியில பச்சயும் சேந்து குடிக்கும். விடியிற நேரத்துல ஒன்னுமே மிச்சமில்லாமப் போயிருக்கு.” கம்பைக் கீழே போட்டார். “கீழ சிந்திருச்சு டீச்சர்னு பிள்ளைக சொல்லும். சிந்துனத யாரு குடிக்கிறான்னு ஒரு நாளும் நான் கேட்டதில்ல. அந்தப் பாடம் புத்தகத்துல கடைசிப் பக்கத்துல இருக்கும். நேரமில்லன்னு தள்ளிருவேன்.”

“மதினி, மொதல்ல அண்ணனுக்குச் சொல்லுங்க. கம்ப்ளெயிண்ட் குடுத்துறப் போறாக.”

“இரு. அந்தக் குழாயையும் பாத்துட்டுச் சொல்றேன்.”

மலைச்சாமியின் தோட்டம் குளத்தில் இறங்குகிற மூலைக்கு அவர் நடந்த நடையில் திரை ஆடியது. மோட்டார் ஓடுகிற சத்தம் தூரத்திலேயே கேட்டது. கவட்டைக் குச்சி ஒன்றைச் சேற்றில் ஆழமாக ஊன்றி, குழாயின் வாயை ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் மேலிருந்து படபடவென்று விழுந்து நுரைத்துக்கொண்டிருந்தது. அந்த நுரைக்கடியில் மீன்கள். உயிரோடு. வாயைத் திறந்து மூடிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி, கூட்டம் கூட்டமாக நின்றன. குளத்தில் மிச்சமிருந்த மீனெல்லாம் அந்த ஒரு குழாயடிக்கு வந்துவிட்டிருந்தது.

மதினி சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“மருந்து விட வந்தவன் கவட்டக் குச்சி நட்டுக் கயிறு கட்டிக்கிட்டு இருப்பானா?” என்றார்.

என்னை லைனில் வைத்துக்கொண்டே அண்ணனைக் கூப்பிட்டார். இந்த முறை அண்ணன் எடுத்தார். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இருப்பதாகவும், இன்ஸ்பெக்டர் வந்ததும் உள்ளே போவதாகவும் சொன்னார்.

“குடுக்காதீங்க. மலைச்சாமி அண்ணன் ஒன்னும் செய்யல. நம்ம பூவாலதான் செத்துருக்கு.”

“என்ன ஒளறுற?”

“ஒளறல. அவரு தண்ணி விட்டுருக்காரு. மிச்ச மீனு அவரு கொழாயடியிலதான் நிக்கிது. வந்து பாருங்க.”

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அமலா, நான் சொல்றதக் கேளு. பூவாலன்னா பூவக் கொண்டாந்து கொட்டுனது யாரு? நானு. நம்ம வண்டி. ஊருத் தண்ணிய நாமளே கெடுத்தோம்னு நாளைக்கே குத்தகையப் புடுங்கிருவாங்க. இத்தன வருசம் டீச்சர் டீச்சர்னு கூப்ட்ட ஊரு காறித் துப்பும். நீ வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ.”

“அப்ப அந்த மனுசன்?”

“ரெண்டு நாள் உள்ள வச்சுட்டு விட்டுருவாங்க.”

“நீங்க கம்போட போனதாலதான் அவரு ஓடுனாரு. ரெண்டு நாள் உள்ள இருந்துட்டு வந்து இந்த ஊருல எந்தக் கடையில டீ குடிப்பாரு?”

அண்ணன் வைத்துவிட்டார். மதினி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும், குத்தகை போய்விடுமே மதினி என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். போன் அவர் கையில்தான் இருந்தது. எனக்கு வானமும் வேப்பங்கிளையும் மாறி மாறித் தெரிந்தன. குரல்கள் தெளிவாகக் கேட்டன.

“மீனு செத்தது என்னால” என்றார், போய் நின்றதும். “நான் கொட்டச் சொன்ன பூ அழுகித்தான் தண்ணியில காத்து இல்லாமப் போச்சு. மருந்து யாரும் கலக்கல. சந்தேகமிருந்தா வாங்க. நாயி, கொக்கு அம்புட்டும் அந்த மீனத் தின்னுபுட்டு நல்லாத்தான் நிக்கிது.”

 ஒரு கிழட்டுக் குரல், “அப்ப டீச்சரே பரிச்சையில பெயிலா?” என்றது. சிரிப்பு எழுந்தது.

“ஆமா, பெயிலுதான். மார்க்க அப்புறமா போடுங்க. மொதல்ல மலைச்சாமி அண்ணனத் தேடுங்க.”

“மருந்து கலக்கலைன்னா எதுக்கு ஓடுனாரு?” இது சிவபிரகாஷ்.

“பத்துப் பேரு கம்போட வீட்டு வாசல்ல நின்னா நீங்க இருந்து காப்பி போட்டுக் குடுப்பீங்களா? காலையில நீங்க பாத்தது என்ன, கொழாயா, மருந்தா?”

 “கொழாயத்தான் பாத்தேன்.”

“அத எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லுங்க. சாட்சின்னு ஒங்க பேரச் சொல்லிக்கிட்டுத்தான் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறாரு.”

சிவபிரகாஷ் அங்கேயே நின்று அண்ணனைக் கூப்பிட்டார். “மாப்ள, நான் மருந்தப் பாக்கல. என் பேரப் போடாத.” அந்தப் பக்கம் அண்ணன் ஏதோ கத்தியது எனக்கும் லேசாகக் கேட்டது. சாட்சி இல்லாமல் அண்ணன் உள்ளே போகமாட்டார் என்று தெரியும். ஆனாலும் மூச்சு விட முடியவில்லை. ஏனென்றால் அப்போதுதான் மலைச்சாமியின் மனைவி பொன்னழகு வந்தார்.

“எம்புருசன் எங்க டீச்சரம்மா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். “கருக்கல்ல எந்திரிச்சு வெளிய போனவரு ஓடியாந்து, மீனு வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிது பொன்னு, பாவம்டி, மோட்டாரப் போட்டுட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனாரு. வந்து வெஞ்சனத்தோட ஒரு வாய் திங்கல. அதுக்குள்ள வாசல்ல கூட்டம். பின்னால வழியா வண்டிய எடுத்துக்கிட்டுப் போனவருதான். போன் அடிக்கிது. எடுக்க மாட்டேங்குறாரு. நான் அடிச்சாலும் எடுக்க மாட்டேங்குறாரு.”

மதினி அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். திரை முழுக்க ஒரு சேலை நிறம் தெரிந்தது. “எங்க போயிருப்பாரு?”

“குஜிலியம்பாறையில அவரு அக்கா வீடு இருக்கு. அங்க கேட்டுட்டேன். வரலைங்குறாக.”

“கோவத்துல போனாரா, பயத்துல போனாரா?”

 “அழுதுக்கிட்டுப் போனாரு டீச்சரம்மா. இருவது வருசமா அந்த மனுசன் அழுது நான் பாத்ததில்ல.”

கடையில் இருந்த சிலர் பைக்கை எடுக்கும் சத்தம் கேட்டது. இந்த முறை கம்பு இல்லாமல் போகிறார்கள் என்று மதினி சொன்னார். கூடையை எடுத்துக்கொண்டு பெண்கள் மடைப் பக்கம் பூவை வாரி வெளியே போடப் போயிருக்கிறார்கள். நாளைக் காலையும் மூட்டமாக இருந்தால் மிச்ச மீனும் அந்த ஒரு குழாயை நம்பித்தான் இருக்கிறது. மோட்டாரை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ள மலைச்சாமியின் தோட்டத்தில் ஓர் ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள். காலையில் அந்தத் தோட்டத்து வேலியை மிதித்துக்கொண்டு போன ஆட்களில் ஒருவர்தானாம்.

“ஜெசிந்தா” என்றார் மதினி. “ஊரு நம்பரு எதையும் அவரு எடுக்க மாட்டேங்குறாரு. எல்லாம் ஏசக் கூப்புடுறாகன்னு நெனைப்பாருல்ல? ஒன் நம்பரு வெளிநாட்டு நம்பரு. யாரோன்னு எடுத்தாலும் எடுப்பாரு. அடிச்சுப் பாரு. எடுத்தா மொதல்ல, மீனு பொழச்சிருச்சுன்னு சொல்லு. மிச்சத்தை நான் பேசிக்கிறேன்.”

பொன்னழகு எண்ணைச் சொல்ல, மதினி திருப்பிச் சொல்ல, நான் கையில் கிடைத்த மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். வினோலியா எனக்காக ஆஸ்பத்திரி வேனை நிறுத்தி வைத்திருந்தாள். நீ போ, நான் அப்புறம் வாரேன் என்று கை காட்டினேன். உடைமாற்றும் அறையில் யாரும் இல்லை.

எண்ணை அழுத்தினேன். மணி போனது. நான் பிரான்சிஸ் தங்கச்சி என்று ஆரம்பித்தால் அந்தப் பேரைக் கேட்டதுமே வைத்துவிடுவார். டீச்சரோட நாத்தனா என்றாலும் வைத்துவிடுவார். மீனு பொழச்சிருச்சுண்ணே, நீங்க கட்டுன கொழாயடியிலதான் நிக்கிதுக என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட வேண்டும். வாயில் அதையே வைத்துக்கொண்டு நின்றேன். மணி முழுதாகப் போய்த் தானே அறுந்தது.

மறுபடி அழுத்தினேன். மணி போய்க்கொண்டிருக்கிறது.